முதலைக்குத் தைத்த நூலாயி

அந்தக் காலத்தில் முதலையின் முதுகு வாழை இலையைப் போல வழவழவென்று இருந்தது. மிருகங்களும் பறவைகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு அதிகம் என்பதால் சண்டையும் அதிகம், சண்டை அதிகம் என்பதால் காயமும் அதிகம். அந்தக் காயங்களையெல்லாம் தைத்துத் தந்தவள் ஏரிக்கரையில் குடியிருந்த நூலாயி என்னும் தையல்சிட்டு. அலகுதான் ஊசி, இலவம்பஞ்சும் சிலந்தி இழையும்தான் நூல். அவள் தைத்த புண் ஆறினால் தழும்பு இருக்கும் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஏரியில் மினுக்கன் என்றொரு முதலை இருந்தான். பெயருக்கேற்ற ஆள். பக்கத்து ஏரியில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு மீனைத் துரத்திக்கொண்டு தாழம்புதருக்குள் புகுந்து, முதுகெல்லாம் கிழித்துக்கொண்டு வந்து நின்றான்.

“நூலாயக்கா, என் மானத்தை நீதான் காப்பாத்தணும்!”

முட்டையிடும் காலம் நெருங்கி நூலாயிக்கு உடம்பு கனத்துக் கிடந்தது. இருந்தாலும் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. பொழுது சாயும்வரை அவன் முதுகில் தாவித் தாவித் தைத்து முடித்தாள். பிறகு அவன் மூக்கின் மேல் உட்கார்ந்து கறாராகச் சொன்னாள்.

“தம்பி, நல்லாக் கேட்டுக்க. தையல் என் பொறுப்பு, தழும்பு உன் பொறுப்பு. புண் காஞ்சு மேலே பக்கு கட்டும், அரிக்கும். சும்மா விட்டா கோடு மாதிரி மங்கிடும். பிச்செடுத்தா பள்ளம் விழும். தேய்ச்சுத் தேய்ச்சு ரணமாக்கினியோ, தோல் மேடு கட்டி எழும்பி நின்னுக்கும். அப்புறம் யார் வந்தாலும் அமுக்க முடியாது. வெயில் படவிடாதே, கறுத்துப்போகும். கத்தாழைச் சோறு தடவு. நல்லா ஆறினப்புறம் எண்ணெய் போட்டு மெதுவா நீவி விடச் சொல்லு. மத்ததெல்லாம் நாளாக ஆகச் சரியாகும்.”

“நாளாகன்னா, நாளைக்கா?”

“மாசக்கணக்காகும்டா.”

மினுக்கனின் முகம் தொங்கிப்போயிற்று.

உடம்பு சரியில்லை என்றால் நலம் விசாரிக்க ஆள் வராமல் இருக்குமா? வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை, ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்தார்கள். குரங்கு சுண்ணாம்பைக் குழைத்துப் பூசியது. எருமை, “எனக்கு எல்லாத்துக்கும் சேறுதான்” என்று அதன் மேல் சேற்றை அப்பியது. காகம் தலையைச் சாய்த்து, சேற்றுக்கு இடையில் தெரிந்த பக்கை உற்றுப் பார்த்தது.

“உள்ளே புதுத்தோல் வந்தாச்சுப்பா. வெயில்ல காயவெச்சா பக்கு தானா உதிரும். அவசரம்னா சொல்லு, நானே கொத்தித் தர்றேன்.”

மினுக்கன் யார் பேச்சையும் தட்டவில்லை, நூலாயியின் பேச்சைத் தவிர. போய் வெயிலில் படுத்தான். சுண்ணாம்பும் சேறும் காய்ந்து இறுகியதும் ஓர் அரிப்பு எடுத்தது பாருங்கள், அப்படியொரு அரிப்பு! சொறியலாம் என்றால் கை குட்டை, முதுகுக்கு எட்டவில்லை. வாலைச் சுழற்றிப் பார்த்தான், அதுவும் உதவவில்லை. கடைசியில் சொரசொரப்பான ஒரு பாறையின் மேல் மல்லாந்து விழுந்து, முதுகை ஒரு தேய் தேய்த்தான். ஆகா, என்ன சுகம்! பக்கு போயிற்று, தையலும் போயிற்று. ஒருமுறை சுகம் கண்டவன் விடுவானா? தினமும் தேய்த்தான். முதுகு முழுக்க வரிசை வரிசையாக மேடு கட்டிக்கொண்டு நின்றது.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா கரையில் கிடந்தவனைத் தாண்டிப் போய், “மாப்பிள்ளை எங்கே?” என்று கேட்டாள். காட்டினார்கள்.

“பாறையைக் காட்டி மாப்பிள்ளைங்கறீங்களே, நல்லா இருக்கா?” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு திரும்பிப் போய்விட்டாள்.

மினுக்கன் நேரே நூலாயியிடம் வந்தான். இப்போது அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை.

“ஏய் குருவி! உன் தையலாலதான் என் கல்யாணம் நின்னுது. முதுகைப் பழையபடி ஆக்கு. இல்லேன்னா நீ இடுற முட்டை ஒண்ணுவிடாம தேடி முழுங்குவேன்!”

“நான் சொன்னதுல எதைடா நீ செஞ்சே?”

“மத்தவங்க சொன்னதையெல்லாம் செஞ்சேனே!”

அப்போதெல்லாம் குருவிகள் புல்லில்தான் முட்டையிடும். கரை முழுக்க அவன் ராஜ்ஜியம். நூலாயி தன்னிடம் தைத்துக்கொண்டு போனவர்களிடமெல்லாம் அடைக்கலம் கேட்டாள். குரங்குக்கு அவசர வேலை வந்துவிட்டது, எருமைக்குக் காது கேட்கவில்லை. ஓர் அத்திக் கன்றின் மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

பக்கத்தில் ஓர் அகலமான இலை காற்றில் அசைந்துகொண்டிருந்தது. கைப்பழக்கம் சும்மா இருக்குமா? அழுதுகொண்டே அதன் இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒரு தையல் போட்டாள். இலை பை மாதிரி சுருண்டது. அழுகை நின்றது. மடமடவென்று முழுவதையும் தைத்து, உள்ளே பஞ்சைத் திணித்து, அதிலேயே முட்டையிட்டாள்.

மறுநாள் மினுக்கன் வந்து புல்லையெல்லாம் கிளறினான். அத்திக் கன்றின் அடியில் வந்ததும் பாழாய்ப்போன முதுகு அரித்தது. கன்றின் மேலேயே தேய்த்தான். கன்று ஆடியது, இலை குலுங்கியது. எதிர்க் கிளையிலிருந்து நூலாயி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இலையில் ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. மினுக்கன் நிமிர்ந்து பார்த்தான்.

“சே, வெறும் இலை” என்று முனகிக்கொண்டு போய்விட்டான்.

குஞ்சுகள் பொரித்து வெளியே வந்த பிறகு, குரங்கு கிழிந்த காதோடு வந்து நின்றது. “தாயீ, ஒரே ஒரு தையல்!”

நூலாயி தலையைக்கூடத் திருப்பவில்லை. “இலை சொறியாது. வெயில்ல போய்ப் படுக்காது. உன்கிட்ட வைத்தியமும் கேக்காது. இனிமே அதுக்குத்தான் தைப்பேன்.”

அன்று முதல்தான் தையல்சிட்டு இலையைத் தவிர வேறெதையும் தைப்பதில்லை. முதலையோ இன்றைக்கும் கரையில் முதுகை வெயிலில் காயவைத்துக்கொண்டு, பக்கு உதிரும் உதிரும் என்று காத்துக் கிடக்கிறது.