செம்பவளம் வச்சிருந்த பெட்டி

ஒரு ஊர்ல ஒரு செல்லு இருந்தா. பேரு செம்பவளம். அந்த ஊர்ல கோடி கோடியா செல்லுங்க குடியிருந்தாங்க. ஆனா ஒருத்தரும் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, அவ்ளோ பொடிசு. கேக்குறியா சாரு?

"ம்."

செம்பவளம் ரத்தச் செல்லு, சிவப்புக்காரி. பொறந்தது எலும்புக்குள்ள, மஜ்ஜையில. அவளைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. எதை உள்ள விடணும், எதை வெளிய தள்ளணும்னு அந்தச் சவ்வு பாத்துக்கும். உள்ளே கொழகொழன்னு கூழு. கூழுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி அடுப்புங்க, புகுபுகுன்னு எரியும். அப்புறம் நட்ட நடுவுல உட்கருன்னு ஒரு பெட்டி. எப்படி வளரணும், கிழிஞ்சா எப்படித் தச்சுக்கணும், எல்லாம் அதுல எழுதியிருக்கும்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். சிவப்புக்காரங்க மஜ்ஜையை விட்டுக் கிளம்புறப்போ பெட்டியை வாசல்லயே போட்டுட்டுப் போயிடணும். வாசல்ல வெள்ளையப்பன்னு ஒரு வெள்ளைச் செல்லு நிப்பாரு. கிருமியோ குப்பையோ, எது கிடைச்சாலும் கபக்குன்னு முழுங்குறவரு.

"பெட்டியை வைம்மா."

"மாட்டேன் அண்ணே. பெட்டி போயிட்டா நாலு மாசந்தான் உசுரோட இருப்பேனாம்."

"எல்லாரும் வச்சுட்டுத்தானே போறாங்க?"

"நீங்க வச்சீங்களா?"

வெள்ளையப்பன் வாயைத் திறக்கறதுக்குள்ள, சர்ர்ருன்னு வழுக்கிக்கிட்டு ரத்தத்துல குதிச்சுட்டா! "அடியே, நில்லுடி!" அவரும் பின்னாலயே குதிச்சாரு.

அப்போ ஊரே குலுங்குச்சு. தடதடதட! முதுகெலும்புல தலையும் கெண்டைக்கால்ல வாலுமா நீண்டு கிடக்கிற நரம்புச் செல்லு நெட்டையன் கத்துனான். "ஓட்டப்பந்தயம்! மைதானத்தை மூணு சுத்து! ஓடு, ஓடு!"

கெண்டைக்கால்ல முறுக்கியக்கான்னு ஒரு தசைச் செல்லு. கயிறாட்டம் நீளமா இருப்பா. சுருங்கி நிமிந்து, சுருங்கி நிமிந்து மூச்சு வாங்குனா. "காத்து கொண்டாங்கடி! காத்து!"

செம்பவளம் நுரையீரலுக்கு ஓடுனா. ஆக்சிஜனை அள்ளி அள்ளிப் போட்டா. ஆனா உள்ளே பாதி இடத்தைப் பெட்டி அடைச்சுக்கிச்சே! கொஞ்சூண்டுதான் கொண்டு வர முடிஞ்சுது.

"என்னடி இது, மூக்குப்பொடியா?" அக்காவுக்குக் கோவம். முதல் சுத்து முடிஞ்சுது.

ரெண்டாவது தடவை திணி திணின்னு திணிச்சுக்கிட்டு வந்தா. அக்காகிட்ட வந்து பாத்தா, சரக்கு குறைஞ்சிருக்கு. அவளோட அடுப்புங்களே வழியில தின்னுடுச்சுங்க!

"பால்காரி பாலைக் குடிச்சுட்டா வீட்டுக்கு என்னடி ஊத்துவா?"

செம்பவளத்துக்கு ரோஷம் வந்துடுச்சு. அடுப்பு எல்லாத்தையும் பொத்து பொத்துன்னு வெளிய தள்ளுனா. பெட்டியை மட்டும் விடல, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் மூணாவது சுத்து. முடிஞ்ச மட்டும் காத்தை ஏத்திக்கிட்டு, விர்ர்ருன்னு வந்தா. அக்கா வீட்டுக்குப் போற சந்து இருக்கே, ஒத்தையா நுழையற சந்து, அதுகூட உடம்பை மடிச்சாத்தான் நுழைய முடியும். நுழைஞ்சா. டப்! பெட்டி முட்டிக்கிச்சு. முன்னால போக முடியல, பின்னால வர முடியல.

பின்னால சிவப்புக்காரங்க வரிசையா நின்னுட்டாங்க. "யாருடி அது வழியில?" "நகருடி!" எல்லாருக்கும் முன்னால, அவ முதுகோட ஒட்டிக்கிட்டு வெள்ளையப்பன்.

அந்தப் பக்கம் அக்கா சுளீர்னு இழுத்துக்கிட்டா. இன்னும் ரெண்டு எட்டுல கால் மடங்கிடும், ஊரே மண்ணுல விழுந்துடும். இப்போ அக்கா திட்டல. "வந்துட்டியாடி?"ன்னு ஈனக் குரல்ல கேட்டா. அவ்ளோதான்.

செம்பவளத்துக்கு அந்தக் குரலைத் தாங்க முடியல. பெட்டியை ஒரு தடவை தடவிப் பாத்தா.

"அண்ணே, வாயைத் தொறங்க."

"நெசமாவா புள்ள?"

"சீக்கிரம் அண்ணே!"

ப்ளக்! பெட்டி வெளிய வந்துச்சு. கபக்! அண்ணன் முழுங்கிட்டாரு.

உடனே, சப்பாத்தி உருண்டையை நடுவுல விரலால அமுக்குனாப்புல, ரெண்டு பக்கமும் குழி விழுந்துச்சு அவளுக்கு. மடங்குனா, நெளிஞ்சா, வழுக்குனா, சந்துல நுழைஞ்சுட்டா! பின்னாலயே அத்தனை பேரும் வந்து காத்தை இறக்குனாங்க. "ஆஹா!"ன்னு அக்கா நிமிந்தா. தட், தட், தட்! பந்தயக் கோட்டைத் தாண்டியாச்சு!

"அப்போ செம்பவளம் செத்துப் போயிடுவாளா?"

நாலு மாசம் இருக்குல்ல? ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊரைச் சுத்தி வந்துடுவா. எத்தனை சுத்து சுத்துவான்னு நீயே பாத்துக்க. அப்புறம் நீ ஒரு "ம்" சொல்றதுக்குள்ள மஜ்ஜையில லட்சம் லட்சமா தங்கச்சிங்க பொறந்துடுவாங்க.

"அந்த ஊரு எங்க இருக்கு?"

இன்னிக்கு ஸ்கூல்ல மூணாவது சுத்துல கெண்டைக்கால் இழுத்துச்சுன்னியே. அப்புறம் தானா சரியாயிடுச்சுன்னியே. எப்படி சரியாச்சுன்னு நினைச்ச?

"ஐயோ! என் கால்லயா?"

கையை நெஞ்சுல வை. லப்டப், லப்டப். கேக்குதா? அவ இப்போ அந்த வழியாத்தான் போயிட்டிருக்கா. அவ சுத்தட்டும். கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.

"ம்."