ஒரு குப்பிக்கு ஒரு சிலந்தி

"ரெண்டு புது இனம், டீச்சர்! கையெழுத்துப் போட ஏன் இப்படி இழுத்தடிக்கிறீங்க?"

எபநேசருக்குக் கோபம். இருக்காதா பின்னே? முப்பது வருஷம் வனக் காவலராக இருந்து, வந்துபோன ஆராய்ச்சிக்காரர்கள் பெட்டியையெல்லாம் களக்காட்டு மலையில் சுமந்தவர். ஓய்வு பெற்றதும், தன்னைவிட இருபது வயது இளையவளான செண்பகவல்லியிடம் சிலந்திப் பாடம் படிக்க வந்து உட்கார்ந்தார்.

இப்போது குதிக்கும் சிலந்தியில் இரண்டு, உலகத்தில் எவனும் எழுதாதது. ஒன்று கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. மற்றது சருகு போலப் பழுப்பு. ஒவ்வொன்றைப் பற்றியும் எட்டுப் பக்கம் எழுதியாயிற்று. ஒன்றுக்கு மனைவி பேர், இன்னொன்றுக்கு மகள் பேர். தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

ஆராய்ச்சி இதழுக்கு அனுப்ப டீச்சர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அண்ணாச்சி, கறுப்புல பெண் கிடைச்சுதா?"

"இல்ல."

"பழுப்புல ஆண்?"

"அதுவும் இல்ல. ரெண்டும் கிடைச்ச அந்த ஒரே மரத்தை நாலு மாசம் சலிச்சு எடுத்துட்டேன்."

"உயிரோட வச்சிருக்கீங்களா?"

"பையில இருக்கு. தனித்தனிக் குப்பி. சேர்த்து வச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுடும், ஒரு குப்பிக்கு ஒரு சிலந்திதான்னு முதல் நாளே நீங்கதானே சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் மீறினதில்ல."

அதில் அவருக்குத் தனிப் பெருமை.

செண்பகவல்லி மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தாள்.

"ரெண்டையும் இதுல விடுங்க."

"விளையாடாதீங்க டீச்சர்! நாலு மாச உழைப்பு!"

"விடுங்க அண்ணாச்சி."

மனசே இல்லாமல் விட்டார்.

பழுப்பு அசையாமல் நின்றது. கறுப்பு அதைப் பார்த்துவிட்டது. தொலைந்தது போ, இப்போது பாயப் போகிறது என்று எபநேசர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

கறுப்பு முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கியது. இடப்பக்கம் நாலு எட்டு. நின்றது. வலப்பக்கம் நாலு எட்டு. வெள்ளை நெற்றியைக் காட்டிக் காட்டி ஆடியது.

பழுப்பு திரும்பி நின்று பார்த்தது. ஓடவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அடப் பாவி மனுஷா!" என்றார் எபநேசர், தன்னைத்தான். "புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வச்சுல்ல பேர் வாங்கப் பார்த்தேன்!"

காகிதக் கட்டை எடுத்தார். பழுப்புக்கு எழுதிய எட்டுப் பக்கத்தின் தலைப்பை ஒரே கோடாக அடித்தார்.

செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு இனம் குறைஞ்சு போச்சேன்னு வருத்தமா அண்ணாச்சி?"

"வருத்தமா?" எபநேசர் நெஞ்சை நிமிர்த்தினார். கண் மட்டும் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. "இந்த ஆட்டத்தைப் பார்த்தவங்க உலகத்துலயே நாம ரெண்டு பேருதான் டீச்சர். பேசாமப் பாருங்க."