பந்தல்குடியில் நிறுத்தம் இல்லை

முதலில் கேட்டது சத்தம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சரளைக் கல்லை ஒரு டயர் நறநறவென்று மென்றுகொண்டு போயிற்று. போய்த் திரும்பி வந்தது. சைக்கிள் என்றால் செயின் சத்தம் இருக்க வேண்டும். இல்லை. தள்ளுவண்டி என்றால் இரண்டு சக்கரமாவது முனக வேண்டும். அதுவும் இல்லை. ஒரே ஒரு டயர்.

உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த பட்டுராஜ், காலிச் சாக்குக் கட்டின் மேல் ஏறி எட்டிப் பார்த்தான்.

நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண், ஒற்றைச் சக்கர சைக்கிளில் உட்கார்ந்தபடி தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் கூந்தலில். சக்கரம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பாக்குறீங்க?" என்றாள், நிற்காமல்.

"கத்துத் தருவீங்களா?"

"எதுக்கு?"

"மதுரைக்குப் போகணும்."

"அதுக்குப் பஸ் இருக்கு."

மறுநாளும் போய் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான்.

அவர் பெயர் அமலி. பதினான்கு வருஷம் சர்க்கஸில் ஒற்றைச் சக்கரம் ஓட்டியவர். கூடாரத்தைச் சுருட்டியபின் தூத்துக்குடி பைபாஸில் பஞ்சர் கடை போட்டிருந்தார். சர்க்கஸில் சொல்லித் தருகிறவர் யாராக இருந்தாலும் மாஸ்டர்தான். அதனால் பட்டுராஜும் மாஸ்டர் என்றே கூப்பிட்டான். வயதில் அவன் பதினோரு வருஷம் மூத்தவன். அவர் அவனை அண்ணே என்றார்.

மூன்றாம் நாள், தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மதுரையில என்ன?"

"பெரியாஸ்பத்திரி. பிள்ளைகளுக்கான புத்துநோய் வார்டு. பிள்ளைகளுக்குக் கட்டில் இருக்கு மாஸ்டர். பெத்தவங்களுக்கு வராந்தாதான். நானும் எம் பொஞ்சாதியும் பதினோரு மாசம் மாடிப்படிக்கு அடியில படுத்திருந்தோம். இப்பவும் மாசாமாசம் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். அவங்க தங்குறதுக்கு ஒரு எடம் கட்டணும்."

"பிள்ளை?"

"பொம்பளப் பிள்ள. சுபிதா."

அமலி டியூபைத் திருப்பிப் பிடித்தார்.

"ரெண்டு சக்கரத்துல போனா என்ன?"

"எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஒத்தச் சக்கரத்துல, ஒரே பகல்ல, தூத்துக்குடியிலருந்து மதுரை வரைக்கும் போனா பாப்பான். பாத்தாத்தான் காசு குடுப்பான். சாதனைப் புத்தகக்காரங்களுக்கும் எழுதிப் போட்டுருக்கேன்."

"விழுந்தா?"

"விழுந்தா இன்னும் கொஞ்சம் கூடக் குடுப்பான்."

அமலி சிரித்துவிட்டார். அன்று கடைச் சுவரைப் பிடித்து ஏறச் சொன்னார்.

ஏழு மாதத்தில் ஓட்டம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் கடைக்கு வருவான். சுவரைப் பிடித்து ஏறுவான். உப்பளத்துப் பாதையில் போனான் என்றால் வெயில் உச்சிக்கு வரும்வரை இறங்க மாட்டான். ஓட்டிக்கொண்டே தண்ணீர் குடிப்பான், ஓட்டிக்கொண்டே வாழைப்பழம் உரிப்பான். உப்பு வாருகிற பெண்கள், "அண்ணாச்சி, வீட்ல இறங்கவே விடலியா?" என்று கத்துவார்கள். கையை ஆட்டிவிட்டுப் போவான்.

ஏறுவதுதான் வரவில்லை.

ஒற்றைச் சக்கரத்தில் பிடிமானம் இல்லாமல் ஏறுவது தனி வித்தை. இருக்கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். பெடலை அமுக்காமல் தரையை மட்டும் உதைத்து மேலே வர வேண்டும். சாதாரண சைக்கிளில் ஏறிப் பழகிய கால் அமுக்கத்தான் செய்யும். அமுக்கினால் சக்கரம் பின்னால் ஓடிவந்து கெண்டைக்காலில் அறையும்.

பட்டுராஜின் கெண்டைக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஏறுறதுக்கு ஏதாவது சூட்சுமம் இருக்கா மாஸ்டர்?"

"எங்க மாஸ்டர் எனக்கு ஆறு மாசம் ஏறவே சொல்லித் தரல. இறங்கத்தான் சொல்லித் தந்தாரு."

"இறங்குறதுல சொல்லித் தர என்ன இருக்கு?"

"நானும் அதான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சொல்லல. அடிச்சாரு."

அவர் மேலும் சொல்வார் என்று பட்டுராஜ் காத்திருந்தான். அவர் அடுத்த டயரைக் கழற்றினார்.

சாதனைப் புத்தகக்காரர்கள் விதிகளை அனுப்பியிருந்தார்கள். வழியில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கலாம். புறப்படும்போது மட்டும் எதையாவது பிடித்து ஏறலாம். அதற்குப் பிறகு ஏறும்போது சுவர், கம்பம், ஆள் எதையும் தொடக்கூடாது. தொட்டால் அத்தோடு முடிந்தது.

பட்டுராஜ் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு முகம் தெளிந்து சொன்னான்:

"இறங்காமலே போயிடுறேன்."

"மதுரை வரைக்குமா?"

"மதுரை வரைக்கும்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"தண்ணி கம்மியாக் குடிப்பேன்."

அமலி, அவன் கொண்டுவந்திருந்த இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தார். போகும் பாதையை அவனே வரைந்திருந்தான். எந்தெந்த ஊரில் யார் உண்டியலோடு நிற்பார்கள், எங்கே மேளம், எங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தான். குறுக்குச்சாலை, எட்டயபுரம் விலக்கு, அருப்புக்கோட்டை, காரியாபட்டி. சின்னச் சின்ன டீக்கடை நிறுத்தத்துக்குக்கூட வட்டம் இருந்தது.

"பந்தல்குடிக்கு ஒண்ணுமில்லையே. அங்க யாரும் குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்புறம்?"

பட்டுராஜ் தாளை வாங்கி மடித்தான். மடித்ததை இன்னொரு தடவை மடித்தான்.

"உலகம்மா அங்க இருக்கா. எம் பொஞ்சாதி. அவ அக்கா வீட்ல. ரோட்டு மேலயே, பெட்ரோல் பங்க்குக்கு எதிர்ல, நீலக் கேட்டு."

"கோவமா?"

"சுபிதாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே நான் வேலைக்குப் போயிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் சாயங்காலம், 'நாம படுத்த எடத்துல இப்ப இன்னொருத்தி படுத்திருப்பா'ன்னா. அப்புறம், 'கொஞ்ச நேரம் எம்பக்கத்துல உக்காருங்க'ன்னா. சைக்கிளுக்கு எண்ணெ போடணும்னு எந்திரிச்சிப் போயிட்டேன்."

"எண்ணெ போட்டீங்களா?"

"போட்டேன். வந்து பாத்தேன், ஆள் இல்ல. ரெண்டு வருஷமாச்சு."

"பாக்கணும்னு இருக்கா?"

"அவ பாக்கணும்னு இருக்கு மாஸ்டர். அவ வாசல்ல நிக்கணும். நான் அந்த வழியா ஒத்தச் சக்கரத்துல போகணும். அவ சொன்ன எடத்துக்காகத்தான் போறேன்னு அவளுக்குத் தெரியணும்."

"நின்னு ஒரு வார்த்த பேசிட்டுப் போறது."

"இறங்குனா ஏற முடியாதே."

அமலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழம ஒத்திகை பாத்துருவோம். அருப்புக்கோட்டை வரைக்கும். தண்ணிக் கேனோட நான் லோடு ஆட்டோவுல முன்னால போறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பட்டுராஜ் கடைச் சுவரைப் பிடித்து ஏறினான். சுவரை விட்ட கை கொஞ்ச நேரம் காற்றில் அப்படியே இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. கால் தன்பாட்டுக்கு மிதித்தது. எட்டயபுரம் விலக்கில் லோடு ஆட்டோ நின்றது. ஓட்டிக்கொண்டே கேனை வாங்கிக் குடித்து, ஓட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். ஆட்டோ அவனைத் தாண்டிப் போய்க் கண்ணில் இருந்து மறைந்தது.

பந்தல்குடி வருவதற்கு முன்பே சட்டைக் காலரை இழுத்துவிட்டான். முகத்தைத் துடைத்தான். பங்க் தெரிந்தது. எதிரே நீலக் கேட்.

கேட்டுக்கு வெளியே லோடு ஆட்டோ நின்றிருந்தது.

வேப்பமர நிழலில் ஒரு சாக்கு விரித்து உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே அமலி. நடுவே ஒரு சுளகில் மிளகாய் வத்தல் குவிந்து கிடந்தது. இரண்டு பேரும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்குப் பழக்கமில்லை. கிள்ளுவதும் தும்முவதுமாக இருந்தார்.

இரண்டு பேருமே நிமிரவில்லை.

பட்டுராஜ் கடந்து போனான். பங்க்கைத் தாண்டியதும் கால் தானாகத் திருப்பியது. மறுபடி அந்த வாசலைக் கடந்தான். ஊர் முனையில் இருந்த பாலத்தருகே திரும்பினான். மூன்றாம் தடவை வரும்போது, டீசல் போட நின்றிருந்த லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"என்னய்யா, டிக்கெட்டு எவ்வளவு?"

பங்க்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டுராஜ் காதில் எதுவும் ஏறவில்லை. உலகம்மாளின் நெற்றியோரம் நரைத்திருந்தது. முன்பு இல்லை அது.

நான்காம் தடவை. இப்போது அவள் வாய் திறந்தாள். கண் வத்தலில்தான் இருந்தது.

"எத்தன தடவ போவீக?"

சக்கரம் தடுமாறியது. முன்னும் பின்னுமாக ஆடியபடி அதே இடத்தில் நிற்கப் பார்த்தான்.

"மாசம் தவறாம மதுரை பஸ்ஸுல போறீக. இந்தா, இங்கதான் நிக்குது, டீ குடிக்க. எல்லாரும் இறங்குதாங்க. நீங்க மட்டும் அந்தப் பக்கத்து ஜன்னல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கீக. ஏன், இந்தப் பக்கம் வெயிலு கூடவா அடிக்குது?"

பட்டுராஜ் இறங்கினான்.

விழவில்லை. கால் தரையைத் தொட்டது. அவ்வளவுதான்.

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"அக்கா?"

"கோயிலுக்குப் போயிருக்கு."

லாரி கிளம்பிப் போயிற்று. புழுதி அடங்கியது.

"அடுத்த வாரம் மதுரைக்குப் போறேன் உலகு. இதுலயே. நீ சொன்னேல்ல, நாம படுத்த எடம்னு. அங்க ஒரு…"

"சொன்னேன்."

"அதுக்காகத்தான்."

"அன்னைக்கு ரெண்டு வார்த்த சொன்னேன். ஒண்ண மட்டும் காதுல வாங்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துதீக."

பட்டுராஜ் வெயிலைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். அருப்புக்கோட்டைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டான். கடைசியில் மாஸ்டரைப் பார்த்தான். அவரிடம் பேசுவது சுலபமாக இருந்தது.

"நேரம் ஆகுது மாஸ்டர். எதையும் தொடாம இங்கருந்து எப்படி ஏறுறது?"

உலகம்மாளின் கை நின்றது. பாதி கிள்ளிய வத்தல் விரல்களுக்கு நடுவே இருந்தது.

அமலி ஒரு தும்மல் தும்மினார். முழங்கையால் மூக்கைத் துடைத்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார். இருக்கை தொடைகளுக்கு நடுவே இடுக்கியபடி இருந்தது. ஒரு கால் தரையில். ஒரு கால் பெடலில்.

"அண்ணே," என்றார். "நீங்க இன்னும் இறங்கவே இல்லையே."

பட்டுராஜ் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பெடலில் இருந்த காலை எடுத்தான். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே மண்ணில் படுக்கப் போட்டான். சாக்கின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

உலகம்மாள் சுளகைக் கொஞ்சம் நகர்த்தினாள். விரலில் இருந்த வத்தலின் காம்பை முழுசாகக் கிள்ளி எறிந்தாள். அடுத்ததை எடுத்தாள்.