யார் வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரை நகரத்தில், பழைய தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில், ஸெனோபியா ஒரு பள்ளி நடத்திவந்தார். கறுப்பின மக்களிடையே வேலை செய்யப்போகும் சமூகப் பணியாளர்களுக்கான பள்ளி அது. அந்த மக்களின் முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் பிடித்துவந்தபோது கையில் எதையும் எடுத்துவர விடவில்லை. நெஞ்சுக்குள் வைத்து எடுத்துவந்த சில வழக்கங்கள் இருந்தன. வேலையை அங்கேயிருந்து தொடங்க வேண்டும் என்பது ஸெனோபியாவின் பாடம்.

சீடர்கள் எல்லோரும் இளவயதுக்காரர்கள், லெமுவேல் ஒருவரைத் தவிர. அவரும் கறுப்பினத்தவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், ஸெனோபியாவைவிட மூத்தவர். குழந்தைகள் நலத் துறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். துறை அனுப்பியதால் வந்திருந்தார். எல்லாம் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில், அதாவது கதவுக்குப் பக்கத்தில், உட்காருவார்.

வகுப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். நடுவில் தொட்டியில் ஒரு செடி. ஒருவர் கூஜாவை எடுத்து, இறந்துபோன தன் மனிதர் ஒருவரின் பெயரைச் சொல்லி, வேரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். மற்றவர்கள் ‘ஆஷே’ என்பார்கள். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். கடலுக்கு அப்பாலிருந்து வந்த சொல். பிறகு கூஜா அடுத்தவர் கைக்குப் போகும்.

லெமுவேல் கைக்கு வந்தால் மட்டும், ஊற்றாமல், அப்படியே பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடுவார்.

“இத்தனை தண்ணி ஊத்தினா செடி அழுகிடும்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். செடி என்னவோ செழிப்பாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்தும் லெமுவேல் போகவில்லை.

“ஒரு பிள்ளைக்கு யாருமே இல்லேன்னா என்ன செய்யறது?” என்று கேட்டார்.

“யார் அந்தப் பிள்ளை?”

“கெஸியான்னு ஒரு சின்னப் பொண்ணு. அம்மா ரொஷெல் போன மாசம் ஆஸ்பத்திரியில இறந்துட்டா. அப்பா யாருன்னு தெரியாது. இப்போ துறையோட விடுதியில இருக்கா. திங்கக்கிழமை நீதிபதி முன்னால கொண்டுபோகணும். பொறுப்பேத்துக்க ஆள் இல்லேன்னா வேற மாநிலத்துல ஒரு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“அவ இருந்த இடத்துல விசாரிச்சீங்களா?”

“அந்தக் கட்டடத்துல ஒரு கதவு விடாம தட்டினேன். பிள்ளைக்குச் சொந்தமான்னு கேட்டேன். எல்லாரும் இல்லேன்னுட்டாங்க. சில பேர் கதவையே முழுசாத் திறக்கலை.”

“அவங்க உங்களை ஒண்ணும் கேக்கலையா?”

லெமுவேல் யோசித்தார். “கேட்டாங்க. நீ யார் வீட்டுப் பிள்ளைன்னு. கீழ் வீட்டு அம்மா கேட்டாங்க. முடிவெட்டற கடைக்காரரும் அதையே கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

லெமுவேல் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைத் தொட்டுக் காட்டினார். “துறை பேரைச் சொன்னேன்.”

ஸெனோபியா கூஜாவைக் கழுவித் துடைத்தார். பிறகு அதைத் தன் பையில் வைத்தார்.

“பிள்ளையை அங்கே கூட்டிட்டுப் போக முடியுமா?”

“நாளைக்குப் போறோம். அவ துணிமணி எடுக்கணும்.”

“நானும் வரேன்.”

செங்கல் கட்டடம், மூன்று மாடி. முற்றத்தில் ஒரு மக்னோலியா மரம். கெஸியா ஒரு காலிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாள். விடுதிக்கு வந்ததிலிருந்து அவள் அம்மாவைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று லெமுவேல் காரில் சொல்லியிருந்தார். ஜன்னல்களில் திரைச்சீலைகள் லேசாக விலகின. ஆள் யாரும் வெளியே வரவில்லை.

லெமுவேல் மாடிப்படிக்குப் போகப் பார்த்தார். ஸெனோபியா மரத்தடியிலேயே நின்றுவிட்டார். முற்றத்துக் குழாயில் கூஜாவை நிரப்பினார். மூடியிருந்த கதவுகளைப் பார்த்து உரக்கப் பேசினார்.

“இந்தக் கட்டடத்துல ரொஷெல்னு ஒருத்தி இருந்தா. செத்துப்போயிட்டா. அவளுக்காகத் தண்ணி ஊத்த வந்திருக்கோம். இங்கே மூத்தவங்க யாரோ, அவங்க அனுமதி வேணும்.”

அவ்வளவுதான். கதவைத் தட்டவில்லை, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நின்றார். லெமுவேல் கடிகாரத்தைப் பார்த்தார். இது உருப்படாது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

கீழ் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு மூதாட்டி எட்டிப் பார்த்தார். மிஸ் வெர்டெல் என்று கட்டடமே மரியாதையாக அழைக்கும் பெண்மணி. மரத்தடியில் நின்றவர்களைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார், மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“முடிஞ்சுது” என்றார் லெமுவேல்.

முடியவில்லை. மிஸ் வெர்டெல் திரும்பி வந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடும் ஊதாத் தொப்பியைப் போட்டிருந்தார். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்டியிருந்தார். தடியை ஊன்றி மரத்தடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் முடிவெட்டும் கடைக்காரர் ஓட்டிஸ், தோளில் கிடந்த துணியோடு கடையைவிட்டு வந்தார். மாடிப்படிகளில் ஆட்கள் இறங்கி நின்றார்கள். இந்தக் கதவுகளுக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்தார்களா என்று லெமுவேலுக்கு மலைப்பாக இருந்தது.

“யார் ஊத்தப்போறது?” என்று கேட்டார் மிஸ் வெர்டெல்.

ஸெனோபியா கூஜாவை லெமுவேல் கையில் கொடுத்தார். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்றால் கெஸியாவைத் தவிரப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

“உன்னை அன்னிக்கே கேட்டேன்” என்றார் மிஸ் வெர்டெல். “ஒரு அட்டையை நீட்டினே. இப்போ இவங்களோட வந்து அனுமதி கேக்கறே. சொல்லு. நீ யார் வீட்டுப் பிள்ளை?”

தன் சொந்தக் கதையை அடுத்தவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது லெமுவேல் கற்ற தொழில் விதி. அன்றுவரை அதைக் கட்டிக் காத்திருந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார். அது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது. இப்போது ஸெனோபியாவைத் திரும்பிப் பார்த்தார். ஸெனோபியா மக்னோலியா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதும்மா” என்றார் லெமுவேல்.

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“நடக்கப் பழகின வயசுல, ஒரு வீட்டுலேருந்து துறைக்காரங்க என்னை எடுத்துட்டுப் போனாங்க. எந்த வீடுன்னு தெரியாது. எங்கம்மா பேர் தெரியாது. பிரைஸ்னு எனக்கு இருக்கற குடும்பப் பேர் என்னை வளர்த்த இடத்துல கொடுத்தது. நான் யார் வீட்டுப் பிள்ளைன்னு எனக்குத் தெரியாது.”

கெஸியா அன்றுதான் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

மிஸ் வெர்டெல் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார்.

“அனுமதி கொடுத்தேன். ஊத்து.”

“யார் பேரைச் சொல்லட்டும்?”

“உனக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லு.”

லெமுவேல் மரத்தின் வேரில் கூஜாவைச் சாய்த்தார். “எனக்குப் பேர் தெரியாதவங்களுக்கு” என்றார்.

“ஆஷே.”

வகுப்பில் அவர் தினமும் கேட்ட சொல்தான். ஆனால் இது வேறு. முற்றத்திலிருந்து, படிகளிலிருந்து, மூன்று மாடிகளிலிருந்தும், ஒரே மூச்சில் வந்தது. யாரும் கத்தவில்லை. தாழ்ந்த குரல்தான். ஆனாலும் அது தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல அவர் உள்ளங்காலில் ஏறியது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் வெறுமை தனக்கு மட்டுமானது என்று இத்தனை காலம் அவர் நினைத்திருந்தார். அங்கே நின்ற எல்லோருக்கும் தாத்தா பெயர் தெரியும். சிலருக்கு அந்தத் தாத்தாவின் தாத்தா பெயரும் தெரியும். அதற்கும் மேலே போனால் எல்லோருக்கும் ஒரு கப்பல். அந்தக் கப்பலில் ஏற்றியபோது யாரும் பெயர் கேட்கவில்லை, தலைகளைத்தான் எண்ணினார்கள்.

பிறகு பெயர்கள் வரத் தொடங்கின. ஓட்டிஸ் தன் அண்ணன் பெயரைச் சொன்னார். படியில் நின்ற ஒருவர் தன் மகள் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் லெமுவேல் ஊற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஆஷே எழுந்தது. மண் கறுத்து ஈரமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பெயர் மிச்சமிருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். யாரும் சொல்லவில்லை.

“எங்கம்மாவுக்கு நானே ஊத்தலாமா?” என்று கேட்டாள் கெஸியா.

கூஜா அவள் கைக்குக் கனமாக இருந்தது. லெமுவேல் மண்டியிட்டு அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டார்.

“ரொஷெல்” என்றாள் பிள்ளை.

ஆஷே என்று சொல்ல வந்த பலருக்குக் குரல் உடைந்தது. ஓட்டிஸ் தோளில் கிடந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

மிஸ் வெர்டெல் கெஸியாவின் காலிப் பையை வாங்கினார். “இது எதுக்கு? உன் துணி பாதி என் வீட்டுலதானே இருக்கு. உங்கம்மா ராத்திரி வேலைக்குப் போறப்போ நீ தூங்கின கட்டில் இன்னும் அங்கேயே கிடக்கு.” பிறகு லெமுவேல் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?”

“அன்னிக்கு இல்லேன்னு சொன்னீங்களே” என்றார் லெமுவேல்.

“சொந்தமான்னு கேட்டே. ரத்த சம்பந்தம் இல்லை. இல்லேன்னேன். உங்க ஆளுங்க கதவைத் தட்டினா எங்க தெருவுல ஒரு பிள்ளை குறையும். அட்டைகிட்ட நான் வேற என்ன பேசறது?”

திங்கட்கிழமை நீதிமன்ற அறையில் பெஞ்சுகள் போதவில்லை. ஊதாத் தொப்பி முன்வரிசையில் இருந்தது. ஓட்டிஸ் அன்று கடையைத் திறக்கவே இல்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறையை ஒருமுறை பார்த்தார்.

“பிள்ளைக்கு யாருமில்லைன்னு நீங்கதானே சொல்லியிருந்தீங்க, மிஸ்டர் பிரைஸ்? இவங்கெல்லாம் யாரு?”

“நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார் லெமுவேல். “இவங்க பிள்ளையோட மனுஷங்க.”

ரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும் பிள்ளையை நன்கு அறிந்தவர் பொறுப்பேற்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. கெஸியா மிஸ் வெர்டெலின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே அத்தனை பேரும் போனார்கள். காலியான அறையில் லெமுவேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

மறுநாள் அவர்தான் வகுப்புக்கு முதல் ஆளாக வந்தார். கூஜாவை அவரே நிரப்பினார். எல்லோரும் வட்டமாக நின்றார்கள். கூஜா சுற்றி வந்து அவர் கையில் நின்றது. பக்கத்திலிருந்த பெண் வழக்கப்படி அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். லெமுவேல் கொடுக்கவில்லை.

“இன்னிக்கும் எனக்குச் சொல்ல ஒரு பேரும் கிடைக்கலை” என்று ஸெனோபியாவிடம் சொன்னார். “இனிமேலும் கிடைக்காது. தினமும் பேர் தெரியாதவங்களுக்கே ஊத்திட்டிருக்கலாமா?”

ஸெனோபியா குனிந்து, செடித்தொட்டியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

“அவங்க நிறைய பேர் இருக்காங்க. தாராளமா ஊத்துங்க. செடி தாங்கும்.”