சிக்கே கிண்ணமும் மூணு முட்டையும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, கொரிய தேசத்துப் புலியெல்லாம் சுருட்டுப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச நாள்ல, மலையடிவாரத்துல ஒரு வெந்நீர்க் குளியல்கூடம் இருந்துச்சு. சுனோக்கும் அவ தங்கச்சி போக்சிலும் அங்கே வந்தாங்க. குளிச்சு, சூளை அறையில உக்காந்து வேர்த்து முடிச்சா, சூட்டுலயே வெந்து பழுப்பேறின முட்டை கிடைக்கும். கூடவே ஜில்லுனு சிக்கே. சோத்துப் பருக்கை மிதக்கிற இனிப்புப் பானம் அது. முட்டையைத் தரையில தட்ட மாட்டாங்க. பக்கத்துல இருக்கிறவங்க தலையிலதான், டக்! அதான் வழக்கம்.

அன்னிக்குச் சூளை அறைக்குள்ள போன போக்சில் வெளியே வரவே இல்லை. சுனோக் எட்டிப் பார்த்தா, உள்ளே ஆளே இல்லை! ஐயையோன்னு குளியல்கூடக்காரிகிட்ட ஓடினா.

"என் தங்கச்சி எங்கே?"

குளியல்கூடக்காரி சிரிச்சா. உத்தரத்துல தொங்கின கூடையிலிருந்து மூணு முட்டையை எடுத்துக் கல்லு மேல வச்சா.

"இதுல ஒண்ணுதான் அவ. சரியானதை எடுத்து இந்தக் கல்லுல உடை, வந்துடுவா. தப்பானதை உடைச்சே, காலத்துக்கும் முட்டைதான்!"

அடிப்பாவி, சூனியக்காரியா இவ! சுனோக் கல்லுக்கிட்ட குனிஞ்சா. முதல் முட்டையைத் தொட்டா, சூடு. ரெண்டாவதும் சூடு. மூணாவதும் அதே சூடு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தங்கச்சி லேசுப்பட்ட ஆளா? சிக்கேன்னா உசிரையே விடுவாளே! சுனோக் ஓடிப்போய் ஒரு கிண்ணம் சிக்கே கொண்டுவந்து வச்சா. முதல் முட்டை அசையலை. ரெண்டாவது அசையலை. மூணாவது குடுகுடுன்னு உருண்டு வந்து கிண்ணத்துல முட்டுச்சு!

"உடை, உடை, கல்லுல உடை!"ன்னு பறந்தா சூனியக்காரி.

இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம்? கல்லுல அடிச்சா ஓடு மட்டுமா உடையும், தங்கச்சி மண்டையும்ல உடையும்!

"எங்க வழக்கம் வேற, அம்மா"ன்னு சொல்லிக்கிட்டே, சுனோக் அந்த முட்டையைச் சூனியக்காரி தலையிலயே தட்டினா. டக்!

ஓடு தெறிச்சுது. போக்சில் குதிச்சு நின்னா. உத்தரத்துக் கூடையில டக், டக், டக்! காணாமப் போயிருந்த விறகுவெட்டி, சலவைக்காரி, ஊர்த் தலையாரிகூடத் தொப்பு தொப்புன்னு விழுந்தாங்க. சூனியக்காரி நின்ன இடத்துல ஒரே ஒரு பழுப்பு முட்டை.

சுனோக் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. போக்சில் அக்கா தோளுக்கு மேலால கையை நீட்டி, கிண்ணத்தைத் தேடிக்கிட்டிருந்தா.

ஊரே சேர்ந்து குளியல்கூடத்தை அந்த ரெண்டு பேருக்கே குடுத்துடுச்சு. முட்டை வியாபாரம் அமோகமா நடந்துச்சு. ஆனா சுனோக் மட்டும் ஒவ்வொரு முட்டையையும் காதோரம் வச்சு, "உள்ளே யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் உடைப்பா.