கொக்கோ விதை கசந்த கல்யாணம்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பேசின, மரங்களும் பேசின. விலங்குகள் ஓயாமல் பேசின. மரங்கள் தேவைப்பட்டால் மட்டும் வாய் திறந்தன.

மேற்கே, இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு மழைநாட்டில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கொக்கோ மரங்கள் கூட்டமாக நின்றன. அன்றைக்கு அவற்றின் பழம் இன்றைக்கு இருப்பதற்கு நேர்மாறு. விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதை, நனைந்த பஞ்சு போல ருசியில்லாமல் இருந்தது. இனிப்பு முழுவதும் விதைக்குள் இருந்தது.

பானம் செய்வதும் சுலபம். இன்று போல விதையைப் புளிக்கவைத்து, வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்த வேண்டியதில்லை. பழத்தைக் கீறிய கையோடு வறுத்து, கல்லில் அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஒரு சுரைக்குடுக்கையிலிருந்து இன்னொரு குடுக்கைக்குக் கையை உயரத் தூக்கி ஆற்றினால் நுரை பொங்கி வரும். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். எந்த வீட்டில் குடித்தாலும் ஒரே ருசி. அதனால் அந்த ஊரில் சமையலை வைத்துச் சண்டையே வந்ததில்லை.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விருந்துக்கென்று வெளியே வைத்த விதைக்கூடை, விருந்து முடியும்போது காலியாக இருக்க வேண்டும். ஒரு விதை மிஞ்சினாலும் அந்த வீட்டுக்காரிக்குக் கொடுக்கக் கை வராது என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் இரண்டு தலைமுறைக்குப் போகாது. ஆகவே எல்லாரும் கூடையைக் கவிழ்த்துக் காட்டித்தான் விருந்தாளிகளை வழியனுப்பினார்கள். தப்பித்தவறித் தரையில் விழுந்ததைக் குரங்குகள் பொறுக்கி மென்றன. மண்ணுக்குள் போக எதுவும் மிஞ்சவில்லை. மரம் முளைப்பது மழையின் பொறுப்பு என்று மக்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வயதான மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. ஒரு பெருவெள்ளம் வந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. கடைசியில் நிக்தே என்ற பெண்ணின் வீட்டு வாசலில் ஒரே ஒரு மரம் நின்றது. அதற்கும் வயதாகிவிட்டது. அடிமரத்தில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. அடுத்த மழைவரை நிற்போமா என்று அதற்கே சந்தேகம்.

அந்த வருஷம் அதில் பன்னிரண்டு பழங்கள். அதே வருஷம் நிக்தேயின் மகளுக்குக் கல்யாணம்.

நிக்தே தொரட்டியுடன் வந்து நின்றபோது மரம் வாய் திறந்தது.

"பதினொண்ணு எடுத்துக்கோ நிக்தே. ஒண்ணு எனக்கு விடு."

"உனக்கு எதுக்கு? நீ எங்கே ஆத்திக் குடிக்கப் போறே?"

"முளைக்க வைக்கத்தான். கல்யாணம் முடிஞ்சதும் அதைக் கீறி ஈர மண்ணுல போடு, போதும். எனக்குப் பின்னால யாரும் இல்லை. சுத்திப் பாரு."

நிக்தே சுற்றிப் பார்த்தாள். வெறும் ஆற்றங்கரைதான் தெரிந்தது. அவள் நல்லவள். பதினோரு பழங்களைப் பறித்தாள்.

"பன்னெண்டாவது உனக்கு. நான் தொட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் உச்சிக் கிளையிலிருந்து குரங்கு இறங்கி வந்து, அந்தப் பன்னிரண்டாவது பழத்தை முகர்ந்து பார்த்தது.

"கையை எடு," என்றது மரம். "நீ தின்னா மிச்சம் வைக்க மாட்டே."

"எப்படி வைப்பேன்? விதைதானே இனிக்குது. சதை இனிச்சா சதையைச் சப்பிட்டு விதையைத் துப்புவேன். இனிப்பு எங்கே இருக்கோ அங்கேதான் என் பல்லு. என்னைக் குத்தம் சொல்லாதே."

மரம் யோசித்தது. "இனிப்பை இடம் மாத்த என்னால முடியும். ஒரே ஒரு தடவை. மாத்தினா மாத்தினதுதான்."

"அப்ப மாத்திடு."

"மாத்தினா விதை கசக்கும். கசக்கிற மரத்தை இந்த ஊர்க்காரங்க வாசல்ல வச்சிருப்பாங்களா? அன்னிக்கே வெட்டிருவாங்க."

"அதுவும் சரிதான்," என்று குரங்கு மேலே ஏறிக்கொண்டது.

கல்யாணத்துக்கு நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாலாம் மலைநாட்டுக்காரர். அதிகம் பேசாதவர். அவரோடு கடற்கரை ஊர்களிலிருந்தும், சோளம் விளையும் சமவெளியிலிருந்தும், தேன் எடுக்கும் காட்டிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பதினோரு பழத்து விதைகளும் வறுபட்டு அரைபட்டுப் பெரிய பானையில் கரைந்தன. நிக்தே எழுந்து நின்று பானத்தை ஆற்றினாள். நுரை பொங்கியது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குடுக்கை வைத்தாள். பிறகு வழக்கப்படி கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அவள் கணவனின் அக்கா ஷுனா கூடையைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள்.

"கூடை காலி, சரி. மரம் காலியில்லையே?"

"அது பச்சை, மதினி."

"எனக்கு மஞ்சளாத் தெரியுது. வயசானா கண்ணு மங்கும்னு சொல்வாங்க, எனக்கு நிறம் கூட மாறிப்போச்சு போல." ஷுனா சம்பந்தி வீட்டார் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுல இப்படி ஒளிச்சு வைக்கிற பழக்கம் இல்லீங்க. தம்பிக்குப் பொண்ணு எடுத்த இடம் அப்படி."

நாலு திசைக்காரர்களும் பழத்தைப் பார்த்தார்கள். பிறகு நிக்தேயைப் பார்த்தார்கள். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பாலாம் குடுக்கையைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தனியாக இருந்திருந்தால் நிக்தே மரத்தின் பக்கம்தான் நின்றிருப்பாள். அறுபது பேர் பார்க்கும்போது அது முடியவில்லை. தொரட்டியை எடுத்தாள். மரத்தை நிமிர்ந்து பார்க்காமலே மாட்டி இழுத்தாள். பன்னிரண்டாவது பழம் கைக்கு வந்தது. அதைக் கல்லில் தட்டி உடைத்தாள்.

இனி மரத்துக்கு இழக்க எதுவும் இல்லை. அந்தக் காலத்தில், பறித்த பழமும் அரைத்த விதையும் ஒருவர் வயிற்றுக்குள் போகும்வரை தாய்மரத்தின் சொல்லைக் கேட்கும். மரம் விதைகளின் இனிப்பை வெளியே அழைத்தது. உடைந்த பழத்தில் அது விதையிலிருந்து சதைக்கு நகர்ந்தது. பானையிலும் குடுக்கைகளிலும் கரைந்திருந்த இனிப்புக்குப் போய்ச் சேரச் சதை இல்லை. அது ஆவியோடு போய்விட்டது. நுரை ஒரு கணம் அடங்கி, மறுபடி எழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"குடிங்க சம்பந்தி," என்றாள் ஷுனா, வெற்றி பெற்றவளாக.

பாலாம் ஒரு வாய் குடித்தார். முகம் இறுகியது. ஒருவழியாக விழுங்கினார்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றார். "மருந்து எதுக்கு?"

கடற்கரைக்காரர் துப்பினார். சமவெளியிலிருந்து வந்த பெண் நாக்கைத் துணியில் துடைத்தாள். ஷுனா தன் குடுக்கையை நக்கிப் பார்த்து எழுந்தே விட்டாள்.

"மரம் கெட்டுப்போச்சு. என் தம்பி வாசல்ல நின்னுக்கிட்டு, வந்தவங்களுக்கு முன்னால மானத்தை வாங்குது. கோடாலி எங்கே? வெட்டினா அடுப்புக்காவது ஆகும்."

கோடாலி வந்தது. நிக்தே உடைத்த பழத்தைக் கையில் பிடித்தபடி மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"மரம் கெடலை மதினி. கெட்டது என் வாக்கு. ஒரு பழத்தை விடுறேன்னு அதுகிட்டச் சொல்லியிருந்தேன். உங்க பேச்சுக்குப் பயந்து பறிச்சிட்டேன். வெட்டுறதுன்னா என்னைத் தாண்டி வெட்டுங்க."

"மரத்துக்கு வாக்கு கொடுத்தாளாம். கேட்டீங்களா?"

பாலாமுக்கு இந்தத் தகராறில் நாட்டமில்லை. அவருடைய கஷ்டம் வேறு. கூடை காலியாக வேண்டும் என்பது வீட்டுக்காரிக்கு வழக்கம் என்றால், குடுக்கை காலியாக வேண்டும் என்பது விருந்தாளிக்கு வழக்கம். குடிக்காமல் கீழே வைத்தால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். மகனோ மணப்பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பாலாம் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காய்ந்த மிளகாய் இருந்தது. பிடிக்காத எதையும் மலைநாட்டில் மிளகாய் போட்டுத்தான் சாப்பிடுவார்கள். இரண்டை நொறுக்கிக் குடுக்கையில் போட்டு, கலக்கி, கண்ணை மூடிக் குடித்தார்.

கோடாலியைப் பிடித்தவர்கூடக் காத்திருந்தார்.

"காது சூடாகுது," என்றார் பாலாம். இன்னொரு வாய் குடித்தார். "நெஞ்சுக்குள்ள யாரோ விளக்கேத்தின மாதிரி இருக்கு." மூன்றாவது வாயில் குடுக்கை காலியானது. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. இந்தக் கசப்பு இல்லைன்னா மிளகாய் இப்படி எடுபடாது."

கடற்கரைக்காரர் மிளகாய் வேண்டாம் என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒரு கல் உப்பைப் போட்டுக்கொண்டார். சமவெளிப் பெண் வறுத்த சோள மாவைத் தூவிக் கூழ் போலக் கெட்டியாக்கினாள். காட்டுக்காரர்கள் தேனடையைப் பிழிந்தார்கள். குடித்துவிட்டு ஒவ்வொருவரும் நிமிர்ந்தார்கள்.

"உப்பு போட்டாத்தான் இதுக்கு உயிரே வருது."

"உப்பா? இது என்ன, மீனா?"

"நீங்க செஞ்சது கூழு. கூழுக்கு எதுக்குக் கொக்கோ?"

"தேன் ஊத்தினா எதுதான் நல்லாயிருக்காது? அது திறமையா?"

அந்த ஊரில் சமையலுக்காக நடந்த முதல் சண்டை அதுதான். எல்லாரும் அதில் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டார்கள். பானையைத் திரும்பச் சூடாக்க விறகு போதவில்லை என்று யாரோ கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஷுனா ஒரு ஓரமாக உட்கார்ந்து நாலு விதத்தையும் குடித்துப் பார்த்தாள். எது பிடித்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. தேன் போட்டதை மட்டும் இரண்டு தடவை வாங்கினாள்.

சாயங்காலம் புறப்படும்போது பாலாம் நிக்தேயின் கையிலிருந்த பழத்தைக் காட்டினார்.

"அதுல எங்களுக்குக் கொஞ்சம் கொடும்மா. ஊர்ல போட்டுப் பார்க்கிறோம். என் மிளகாய்க்கு ஒரு மரம் வேணும்."

"வழியில தின்னுடுவீங்களே, அண்ணா."

"கசக்குதே. யாரு தின்பா?"

நிக்தே சிரித்துவிட்டாள். திசைக்கு ஏழு விதையாகக் கொடுத்தாள். அதுவரை எத்தனையோ பேர் அந்த ஊரிலிருந்து விதை வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒன்றும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. இந்தத் தடவை ஒன்று குறையாமல் போய்ச் சேர்ந்தது.

பழத்தில் மிஞ்சியதைக் குரங்கு வந்து கேட்காமலே எடுத்துக்கொண்டது. வெள்ளைச் சதையைச் சப்பியது. கண் விரிந்தது. பழக்கதோஷத்தில் விதையைக் கடித்துவிட்டு, தூ என்று துப்பியது. அதன் பிறகு எதையும் கடிக்கவில்லை. சப்பிச் சப்பி, மரத்தைச் சுற்றியிருந்த ஆற்றோரச் சேற்றில் துப்பிக்கொண்டே போனது.

அடுத்த மழையில் கிழமரத்தைச் சுற்றி ஐந்து கன்றுகள் தலை நீட்டின. நிக்தே அவற்றுக்கு காட்டு இலைகளால் நிழல் கட்டினாள்.

"என் மேலே கோபமா?" என்று மரத்தைக் கேட்டாள்.

"மூணு நாள் இருந்தது," என்றது மரம். "அப்புறம் சேத்துக்குள்ள விதை வேர் விட்டிருச்சு. அந்த வலது பக்கக் கன்னுக்குக் கொஞ்சம் வெயில் படுது பாரு."

அதுதான் அது கடைசியாகப் பேசியது. மழை முடிவதற்குள் அது சாய்ந்தது. கன்றுகள் எதன் மேலும் விழாமல் பார்த்துச் சாய்ந்தது.

விதைகள் பிறகு கடலும் தாண்டின. மெக்சிகோவில் அதில் மிளகாயோடு பட்டையும் சேர்ந்தது. கொலம்பியாவில் பாலாடைக்கட்டித் துண்டை உள்ளே போட்டு, இளகியதும் எடுத்துத் தின்கிறார்கள். பிலிப்பைன்ஸில் காலையில் அரிசிக் கஞ்சியோடு கலக்கிறார்கள். இத்தாலியில் கரண்டியால் வழித்துச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டியாக்குகிறார்கள். நம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் போட்டு, சிலர் ஏலக்காய் தட்டி, டம்ளரும் டவராவுமாக ஆற்றிக் கொடுக்கிறோம். ஒரு நாட்டுக்காரர் கலக்கியதை இன்னொரு நாட்டுக்காரர் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்கிறார்.

நிக்தேயின் மகள் கல்யாணத்தன்றுதான் கொக்கோவின் சதை இனித்தது, விதை கசந்தது. குரங்கு துப்புகிற அந்த விதையை மனிதன் வறுத்து அரைத்து, தன் ஊர்ச் சரக்கு ஒன்றைப் போட்டுக் கலக்கி, இதுதான் சரியான முறை என்று சாதிக்கத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.