செவலை பழக்கிய மந்தை

கேளுங்கள் பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள் பிள்ளைகளே! ஆடுதான் சொத்து, நாய்தான் காவல் என்று மனிதர்கள் வாழ்ந்த காலம் அது. அப்போது ஒரு பொட்டல் காட்டில் சடைச்சி என்றொருத்தி ஆட்டு மந்தை வைத்திருந்தாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. செவலை என்றொரு நாய் இருந்தது. வயது ஒன்றுகூட நிறையவில்லை, அதற்குள் மந்தை முழுவதையும் கட்டி மேய்த்தது, கெட்டிக்காரப் பயல்! அவள் களி கிண்டினால் முதல் உருண்டை அதற்குத்தான்.

ஒரு நாள் உச்சி வெயிலில், புதரோரம் நின்ற குட்டியைப் பார்த்து நல்ல பாம்பு சீறியது. செவலை குறுக்கே பாய்ந்து, கொத்தைத் தான் வாங்கிக்கொண்டது. சடைச்சி ஓடி வருவதற்குள் அதன் உயிர் போய்விட்டது. காலையில் துள்ளியது மத்தியானம் மண்ணுக்குள் போனால் மனசு தாங்குமா? தாங்கவில்லை.

ஊர் ஊராகப் போய், ஆடுகளை இரவில் பட்டியடைத்துக் கிடை போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில் யார் செத்தாலும், புதைத்த கையோடு, பட்டியைச் சுற்றி நட்ட மூங்கில் படல்களைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஆட்டின் பசி துக்கம் பார்க்காது. சடைச்சி கிளம்பவில்லை. குழிமேட்டருகே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாள் அவள் அண்ணன் சுடலைமுத்து வந்தான்.

"தாயி, புல்லு தீரப் போகுது. ஆத்துப் பக்கம் போயிருவோம்."

"என் பிள்ளையத் தனியா விட்டுட்டா?" என்றாள்.

இரண்டாம் நாள், "புல்லு தீந்துபோச்சு" என்றான். அவள் குழிமேட்டு மண்ணைத் தடவிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள், "பால்குட்டிக எந்திரிக்க மாட்டேங்குது. நாயோட சேத்து மந்தையவும் புதைக்கப் போறியா?" என்று கத்தினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பொழுது சாயும் நேரம். எங்கெங்கோ புல் தேடி அலைந்த மந்தை தானாகத் திரும்பி வந்தது. வெகு பின்னால் ஒரு நொண்டிக் குட்டி வந்தது. சடைச்சி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் மந்தை நின்றது.

ஒருவரும் மறிக்கவில்லை. ஒருவரும் அதட்டவில்லை. ஒரு நாயும் குரைக்கவில்லை. அத்தனை ஆடும் அப்படியே நின்றன. நொண்டிக் குட்டி தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் மந்தை நகர்ந்தது.

ஆடு ஆட்டுக்காகக் காத்து நிற்குமா? எந்த ஊரிலாவது கண்டதுண்டா? செவலைதான் தினமும் முன்னால் ஓடி மறித்து, நொண்டி வந்து சேரும்வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். இப்போது செவலை மண்ணுக்குள் கிடக்கிறது. அது பழக்கிய பழக்கம் மட்டும் உயிரோடு நிற்கிறது!

சடைச்சிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. கை தானாகக் குவிந்தது.

"ஐயோ என் ராசா! நீ இந்தக் குழிக்குள்ள இல்லையே, இதுகளுக்குள்ள இருக்கியே! இதுகளையும் பட்டினி போட்டுக் கொன்னா, நீ ரெண்டாந்தரம் செத்துருவியே!" என்று வாய்விட்டு அழுதாள்.

அழுதபடியே எழுந்தாள். படல்களைப் பிடுங்கினாள். நொண்டிக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றை நோக்கி மந்தையை ஓட்டினாள்.

திரும்பிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். ஏன் பார்க்க மாட்டாள்? குழிமேடு கண்ணுக்கு மறையும்வரை பார்த்துப் பார்த்துத்தான் போனாள். ஆனால் கால் நிற்கவில்லை.

போனவர்மேல் நாம் வைத்த அன்பு, அவர் உயிரைக் கொடுத்துக் காத்ததை நாம் காப்பதில்தான் இருக்கிறது.